எல்லெகேரில் குரைத்த வாரம்

எல்லெகேர் பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் பால் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடமாக இருந்தது. சுற்றுவட்டாரத்துப் பால் முழுவதும் அங்கே வந்து சேரும். பெரிய இயந்திரம் ஒன்று அதைச் சுழற்றிச் சுழற்றி, பாலாடையைத் தனியாகவும் மிச்சத்தைத் தனியாகவும் பிரித்துவிடும். இப்போது அதே கூடத்தில் அசாத்திய மூளையுள்ள குழந்தைகள் படிக்கிறார்கள். இந்தப் பொருத்தம் உள்ளே காலடி வைக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் உடனே தோன்றும். ஆனால் இதுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டென்மார்க்கில் அப்படி ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, அப்புறம் அதே ஊரில் ரொட்டி வாங்கப் போக முடியாது.

புத்திசாலி என்ற சொல்லே அந்தப் பள்ளியில் புழங்குவதில்லை. "கொஞ்சம் வேற மாதிரி" என்பார்கள். "கொஞ்சம் கஷ்டப்படற பிள்ளை" என்பார்கள். பெருமையடிக்க வழியில்லாத ஊரில் பெருமை எங்கேயாவது வழிந்து வெளியேறத்தானே வேண்டும்? அது புலம்பலாக வெளியேறியது. ஒரு தாய் பெருமூச்சு விடுவாள்: "எங்க பையனுக்குத் தூக்கமே இல்லைங்க. சூரியன் அணைஞ்சு போனா என்ன பண்றதுன்னு விடிய விடிய அழறான்." இன்னொருத்தி அதைவிடப் பெரிய பெருமூச்சாக விடுவாள்: "இவளுக்குச் சட்டை லேபிள் எல்லாம் உறுத்துது. அதோட கிரேக்க எழுத்து வேற கத்துக்கிட்டாளா, வீட்ல ஒரே ரகளை." கேட்பவர்கள் அனுதாபத்தோடு தலையாட்டுவார்கள். உள்ளுக்குள் எல்லாருக்கும் வயிறு எரியும்.

மைக்கனுக்கு இந்தக் கலை கைவரவில்லை. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். யாராவது அவள் போட்டிருக்கும் கோட்டைப் பாராட்டினால், "பழசு, தள்ளுபடியில வாங்கினது" என்று பதில் வந்து விழும். அவள் அம்மா அப்படி, அம்மாவின் அம்மாவும் அப்படியே. அந்தக் குடும்பத்தில் யாரும் நாலு பேர் முன்னால் தலையை நிமிர்த்தியதாக வரலாறு கிடையாது.

அவளுடைய மகள் சோல்வைக்கு எட்டு வயது. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. முதல் வருஷம் எல்லாக் கேள்விக்கும் கையைத் தூக்கினாள். டீச்சர் அன்பாகத்தான் சொன்னார், மற்ற பிள்ளைகளுக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று. சோல்வை கையை இறக்கினாள். அப்புறம் வாயையும் மூடிக்கொண்டாள். மதியம் ஈரல் விழுது பூசிய கறுப்பு ரை ரொட்டியை எடுத்துக்கொண்டு, மழைக்கோட்டுகள் தொங்கும் அறைக்குப் போய், ஈரக் கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பிறந்தநாள் என்றால் வகுப்பிலுள்ள பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டாக வேண்டும் என்பது விதி. அதனால் அழைப்பு ஒன்றுகூடத் தவறியதில்லை. போவாள், கேக் தின்பாள், கூட ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வருவாள். காலையில் எழுந்தால் வயிற்று வலி.

அதனால்தான் எல்லெகேர். மனநல நிபுணர் வைத்த பரீட்சையில் சோல்வை சுலபமாகத் தேறிவிட்டாள். ஆனால் அங்கே வரிசையில் நிற்கும் எல்லாருமே அதில் தேறியவர்கள். இரண்டாம் வகுப்பில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு இரண்டு சிறுமிகளை ஒரு வாரம் வரவழைத்துப் பார்ப்பதாகத் தலைமையாசிரியர் தோர்கில் சொன்னார். ஒருத்தி சோல்வை. மற்றவள் பொலெட், முன்பல் இல்லாத, சதா காலணியைத் தொலைக்கும் குழந்தை.

இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போட்டியென்று பெரியவர்களுக்குத் தெரியும். குழந்தைகளிடம் யாரும் சொல்லவில்லை. விளைவு, திங்கட்கிழமை மதியத்துக்குள் அவர்கள் இணைபிரியாத தோழிகளாகிவிட்டார்கள். வாரம் முழுக்க இரண்டு பேரும் நாய்களாக இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காரில் திரும்பும்போது சோல்வை பின் இருக்கையிலிருந்து மூச்சுவிடாமல் பேசினாள். அவள் இப்படிப் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"அம்மா, சும்மா குரைக்கறதில்ல. அது பாஷை. நானே கண்டுபிடிச்சேன். குட்டையா குரைச்சா ஒரு பொருளோட பேரு, நீளமா குரைச்சா செய்யற காரியம். கேள்வின்னா காத ஆட்டணும்."

"காதை எப்படிடி ஆட்டுவே?"

"கையால பிடிச்சு ஆட்டணும்மா, வேற எப்படி? நேத்து நடந்ததுன்னா தாடைய கீழ இறக்கிட்டுக் குரைக்கணும்."

"நாளைக்கு நடக்கப் போறதுக்கு?"

"நாய்க்கு நாளைக்குன்னு ஒண்ணு கிடையாதும்மா," என்றாள் சோல்வை, இதுகூடத் தெரியாதா என்ற குரலில். "பொலெட் வேகமா கத்துக்கறா. காதத்தான் மறந்துடறா."

மைக்கன் கண்ணாடியில் மகளைப் பார்த்தாள். கன்னம் சிவந்து, தலைமுடியில் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்படியாவது அந்த இடத்தை வாங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. பொலெட்டைத் தள்ளிவிட்டாவது, என்றும் தோன்றியது. அந்த நினைப்புக்காக வீடு சேரும்வரை வெட்கப்பட்டாள்.

கணவன் பியார்க்கெ வடகடலில் காற்றாலை மராமத்துக் கப்பலில் இருந்தான். அன்று அவன் தொலைபேசியில் கூப்பிட்டபோது, தலைமையாசிரியர் நேர்காணலுக்குக் கூப்பிடுவார், அதற்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்றாள் மைக்கன்.

"சரி, நான்தான் தோர்கில். உங்க பொண்ணப் பத்திச் சொல்லுங்க."

"சோல்வை வந்து... கொஞ்சம் சுறுசுறுப்பு."

"சுறுசுறுப்பா? எறும்பா அது? என் பொண்ணு புத்திசாலின்னு சொல்லு."

"அவ... மத்தப் பிள்ளைங்க மாதிரிதான், ஆனா சில விஷயத்துல..."

"மைக்கன், நான் அவ அப்பன். என்கிட்டயே சொல்ல வரலையா உனக்கு?"

"பக்கத்துல ஆள் இருக்காங்களா உனக்கு? ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?"

"நடுக்கடல்ல இருக்கேன்டி!"

அவள் மூன்று தரம் முயன்றாள். மூன்றாவது தரம் "புத்தி" வரைக்கும் வந்தது.

வெள்ளிக்கிழமை வரை சோல்வைக்கு வயிற்று வலி வரவில்லை. மதிய ரொட்டியைப் பாதி தின்று பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தாள், குரைப்பதில் சாப்பிட நேரமில்லை என்று. சனிக்கிழமை பெற்றோர்களின் வேலை நாள். தனியார் பள்ளியென்றால் இந்த நாட்டில் பெற்றோர்கள்தான் பெருக்க வேண்டும், துடைக்க வேண்டும், ஆணியடிக்க வேண்டும். புதிதாக வந்தவர்களும் விதிவிலக்கில்லை. அன்றைய வேலைகள் கோழிக்கூடு கட்டுவதும் வேலிக்குச் சாயம் அடிப்பதும்.

கோழிக்கூட்டை எல்லெகேர் பிள்ளைகளின் தகப்பன்மார்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பொறியாளர்கள், ஒரு பல்கலைக்கழக ஆசிரியர், ஒரு பல் மருத்துவர். ஒருவர் லேசர் மட்டக்கோல் கொண்டுவந்திருந்தார். கூரையின் சாய்வைப் பற்றிக் காலை முழுக்கப் பேசினார்கள். எல்லாரும் மிகுந்த பணிவோடு, "எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா" என்று ஆரம்பித்துத் தங்கள் கருத்திலேயே நின்றார்கள். மதியம் கூடு எழுந்தபோது கதவு தப்பாக உள்பக்கமாகத் திறந்தது, கூட்டில் விடுவதற்காகப் பெட்டிக்குள் வைத்திருந்த கோழிகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மைக்கனுக்கு வேலி கிடைத்தது. சிவப்புச் சாயம், அகலத் தூரிகை. சிறிது நேரத்தில் பக்கத்தில் ஒருவர் வந்து நின்று அவரும் சாயம் அடிக்க ஆரம்பித்தார். கறை படிந்த கால்சட்டை, ஓட்டை விழுந்த ஸ்வெட்டர். தலைமையாசிரியர் தோர்கில்தான். மூன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று ஓடிவந்து, "தோர்கில், நீ சொட்ட விடற, பாத்து அடி" என்று சொல்லிவிட்டுப் போனது. அவர் அதற்கு நன்றி சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லெகேரில் நேர்காணல் என்று ஒன்று கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து இந்தப் பக்கத்துக்காரரை எடைபோடுவது அநாகரிகம் என்பது தோர்கிலின் கொள்கை. ஆகவே அவர் தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு எடைபோடுவார். மற்ற பெற்றோர்கள் இதை ஒருவரையொருவர் விசாரித்துத் தெரிந்து வைத்திருந்தார்கள். மைக்கன் யாரையும் விசாரிக்கவில்லை, தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று. திங்கட்கிழமை நடக்குமென்று அவளாக நினைத்த நேர்காணலுக்காக நீலப் பாவாடையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்துவிட்டு, பழைய சட்டையில் வந்திருந்தாள்.

"சோல்வை எப்படி இருக்கா?" என்றார் தோர்கில், வேலியைப் பார்த்தபடியே.

"நல்லா இருக்கா, நன்றி."

"வீட்ல தூங்கறாளா?"

"படுத்ததும் தூங்கிடறா."

"வயித்து வலி, அழுகை, சாப்பாட்டுல தகராறு, அந்த மாதிரி ஏதாவது?"

"இந்த வாரம் ஒண்ணுமே இல்லைங்க," என்றாள் மைக்கன் மலர்ந்துபோய். "ரொம்ப சந்தோஷமா இருக்கா."

"நல்லது, நல்லது." தோர்கில் தூரிகையைச் சாயத்தில் தோய்த்தார். வயல் பக்கமிருந்து இரண்டு சிறுமிகளின் குரைப்பு வந்தது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, பிறகு சிரிப்பு. "வாரம் பூரா இதேதான். அப்படி என்னதான் குரைக்கறாங்க?"

பதில் மைக்கனின் நாக்கு நுனியில் இருந்தது. என் பொண்ணு ஒரு பாஷை உண்டாக்கியிருக்கா, அதுல நேத்து உண்டு, நாளைக்கு கிடையாது, ஏன் கிடையாதுன்னு அவகிட்டக் காரணமும் இருக்கு. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு தாய் காபிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். ஏணிமேல் ஒரு தகப்பன் சுத்தியலை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான். நாலு காதுகள் கேட்கும்போது சொந்த மகளைப் புகழ்வதா? மைக்கனின் அம்மா, பாட்டி, பூட்டி எல்லாரும் சேர்ந்து அவள் வாயைத் திறந்தார்கள்.

"அட, குழந்தைங்கதானே, சும்மா குரைக்கறாங்க," என்று சிரித்தாள். "சோல்வை ரொம்பச் சாதாரணப் பொண்ணுங்க. தனியா சொல்ற மாதிரி ஒண்ணுமில்ல."

தோர்கில் அவளை நிமிர்ந்து பார்த்து அன்பாகப் புன்னகைத்தார். காபிக் கெண்டிக்காரியும் புன்னகைத்தாள். நன்றாக நடந்துகொண்டோம் என்று மைக்கனுக்கு நிறைவாக இருந்தது. மீதி வேலியை உற்சாகமாக அடித்து முடித்தாள்.

காபி வேளையில் பொலெட்டின் தகப்பன் யெப்பெ நீளமேசையில் தோர்கிலின் எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் இலவங்கப்பட்டை போட்ட சுருள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வீட்ல நிம்மதியே போச்சுங்க. சாப்பாட்டு மேசையிலகூடக் குரைக்கறா. அதுல இலக்கணம் வேற. நேத்து நடந்ததுக்கு ஒரு மாதிரி, இன்னிக்கு நடக்கறதுக்கு ஒரு மாதிரி. என் மனைவி அழுதுட்டா. இந்தப் பிள்ளைய வெச்சுக்கிட்டு நாங்க எங்க போறது, சொல்லுங்க?"

பாவம் மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள் மைக்கன். கூடவே, இப்படியா ஊர் முன்னால் பீற்றிக்கொள்வது என்றும் நினைத்துக்கொண்டாள். பிறகு தனக்கு இன்னொரு சுருள் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் விடுப்பு எடுத்திருந்தாள். சோல்வையையும் வீட்டில் நிறுத்திக்கொண்டாள், நேர்காணலுக்கு எந்நேரமும் அழைப்பு வரலாம் என்று. நீலப் பாவாடை கட்டி, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"மைக்கன், நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன்," என்றார் தோர்கில். "சோல்வை மாதிரி மனசு நிறைஞ்ச குழந்தைய நாங்க பாத்து ரொம்ப நாள் ஆச்சு. தூங்கறா, சாப்பிடறா, சிரிக்கறா. வாரம் முழுக்க ஒரு தரம்கூட அழல. உங்களுக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கும்!"

"ஆமாங்க," என்றாள் மைக்கன். அவள் கையிலிருந்த கிழங்கு நழுவியது.

"எங்க பள்ளிக்கூடம் வேற எங்கயும் ஒட்ட முடியாத பிள்ளைங்களுக்குத்தான். சோல்வை எங்க விட்டாலும் ஒட்டிக்குவா. நாங்கதான் கண்ணால பாத்தோமே."

"அவ இங்க... உங்க பள்ளியில இருந்ததாலதான்..."

"அதத்தான் சொல்றேன். இருக்கத் தெரியுது அவளுக்கு. பொலெட் விஷயம் வேற. அந்தக் குழந்தை ஒரு பாஷையே உண்டாக்கி வெச்சுக்கிட்டுத் தவிக்குது. உங்க சோல்வைக்கு எவ்வளவு நல்ல மனசு, பாருங்க. பொறுமையா வாரம் பூரா அவகூடச் சேர்ந்து குரைச்சுட்டிருந்தா."

மைக்கன் வாயைத் திறந்தாள். "புரியுதுங்க," என்று வந்தது. "பொலெட்டுக்குத்தான் தேவை அதிகம்," என்றும் வந்தது. கடைசியில் இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

வைத்த பிறகு அவளுக்குத் தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. மருந்துக்கடையில் வாடிக்கையாளர் தப்பாகச் சில்லறை கொடுத்தால்கூட நன்றி சொல்லிப் பழகிய வாய், மகளை விற்றுவிட்டுக்கூட நன்றி சொல்லியிருக்கிறது. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக, முடிந்துபோன ஒரு பேச்சைத் திருத்துவதற்காகத் திரும்பவும் எண்ணை அழுத்தினாள்.

"தோர்கில், அந்தப் பாஷை சோல்வையோடது. அவதான் கண்டுபிடிச்சா. பொலெட்டுக்கு அவதான் கத்துக் கொடுத்தா."

"சனிக்கிழமை நீங்க அப்படிச் சொல்லலையே."

"அது மரியாதைக்குச் சொன்னதுங்க. நாலு பேர் முன்னாடி எப்படி..."

"மைக்கன்." தோர்கிலின் குரலில் கோபமில்லை, வருத்தம்தான். "இடம் இல்லைன்னதும் எல்லா அப்பா அம்மாவும் கூப்பிடறாங்க. எங்க பிள்ளை அதைப் பண்ணினான், இதைப் பண்ணினான்னு பெருமை பேசறாங்க. உங்களை அந்த மாதிரி ஆள்னு நான் நினைக்கல."

அந்த ஒரு அடியில் மைக்கன் விழுந்துவிட்டாள். காது மடல் எரிந்தது. "மன்னிச்சுக்குங்க," என்றாள். அவரும் பெருந்தன்மையாக மன்னித்தார்.

சோல்வை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ ஒரு தப்பும் பண்ணல, தங்கம். நீ சந்தோஷமா இருந்த. அவங்க பள்ளிக்கூடம் சந்தோஷமா இருக்க முடியாத பிள்ளைங்களுக்காம்."

சோல்வை அதை யோசித்தாள். ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல அவள் புருவம் சுருங்கியது.

"அப்போ நான் சோகமா இருந்திருந்தா இடம் கொடுத்திருப்பாங்களா?"

மைக்கனால் பொய் சொல்ல முடியவில்லை. ஆமென்று தலையை ஆட்டினாள்.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றாள் குழந்தை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எனக்கு நல்லா வருமே. பழைய பள்ளிக்கூடத்துல தினமும் அப்படித்தானே இருக்கேன்."

மைக்கன் அழுதாள். கிழங்கு சீவும் கத்தியைக் கையில் பிடித்தபடியே அழுதாள். சோல்வை ஜன்னலுக்குப் போய், எல்லெகேர் இருக்கும் திசை என்று அவள் நினைத்த பக்கம் பார்த்து, தாடையைக் கீழே இறக்கி ஒரு தடவை குரைத்தாள். என்ன சொன்னாள் என்று மைக்கன் கேட்கவில்லை. நேற்றோடு முடிந்த ஏதோ ஒன்று என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை வயிற்று வலி திரும்பி வந்தது. மழையும் வந்தது. முனிசிபல் பள்ளியின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் மைக்கன் குனிந்து மகளின் தலைக்கவசத்தைக் கழற்றினாள். சுற்றிலும் தாய்களும் தகப்பன்களும் பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மைக்கன் மூச்சை இழுத்துக்கொண்டாள். கப்பலில் இருந்தவனிடம் வராதது, வேலியோரம் வராதது, இப்போது ஒரேயடியாக வெளியே வந்தது.

"சோல்வை, நீ ரொம்பப் புத்திசாலி," என்றாள், நாலு பேருக்குக் கேட்கும்படி. "என்னைவிட, அப்பாவைவிட, அந்தத் தோர்கிலைவிட. கேட்டியா?"

சோல்வையின் முகம் வெளுத்துவிட்டது. அவள் அவசரமாக இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். பிறகு அம்மாவின் வாயைத் தன் ஈரக் கையால் பொத்தினாள்.

"மெதுவாம்மா," என்றாள் கிசுகிசுப்பாக. "யாருக்காவது கேட்டுடப் போகுது."